எட்டரை மணி சீரியலும் பிலோ அக்காவின் முயல்களும்

பிலோ அக்கா போய்விட்டார்.

காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு ஒரு பண்டல் சட்டைக்குக் காலர் செக் பண்ணினேன்.

லஞ்ச் பெல் அடித்ததும் சாப்பிட்டேன். புளியோதரை. உப்பு இருந்ததா இல்லையா, தெரியாது.

அழுகை வரவில்லை... இதை டைப் செய்யும்போதும் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் கார்மென்ட்ஸில் எனக்குப் பக்கத்து டேபிள். வீடு காக்ஸ் டவுன், தினமும் பஸ் மாறி மாறி வருவார். நான் ஆரணியிலிருந்து வந்த புதிதில் சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டினால் எனக்கு ஒன்றும் புரியாது. எனக்குப் பதிலாக அக்காதான் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுப்பார்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் அவர் வீட்டில் யாரும் கறி சாப்பிட மாட்டார்கள். அக்கா அதோடு சீரியலையும் விட்டுவிடுவார்.

"கறிய விடறதெல்லாம் ஒரு விஷயமாடி? மீனு இருக்குது, முட்ட இருக்குது. எட்டர மணி சீரியல விட்டுப் பாரு, அப்ப தெரியும்."

எட்டரை ஆனால் கை பரபரக்குமாம். அந்த அரை மணி நேரத்தைத் தள்ளத்தான் குரோஷா பின்னல் ஊசியைக் கையில் எடுத்தார்.

உல்லன் நூலில் முயல், கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி... எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். உள்ளே பஞ்சு. கண்ணுக்குக் கம்பெனியில் கழித்துப்போட்ட சட்டை பட்டன். அதனாலேயே எல்லாம் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கும்.

முயலுக்கெல்லாம் இடுப்பு மட்டும் ஒடுங்கியிருக்கும். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டு டிவில சீரியல் பாட்டு கேக்குதா... கை தானா நூல இழுத்துடுது. நான் என்னடி பண்றது?"

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவருவார். செக்‌ஷனில் பிள்ளை இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று. ஒருமுறை மஞ்சுளா முயலை வாங்கிக்கொண்டு "நாய் சூப்பர் அக்கா" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் அக்கா அவளோடு பேசவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. ஆனால் முதல் பொம்மை எனக்குத்தான். ஏனென்றால் விட்டுப்போன சீரியல் கதை முழுக்க நான்தான் பார்த்துவைத்துச் சொல்ல வேண்டும்.

டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துவிட்டு ஒரு வாய்கூட வைக்காமல் கேட்பார். "அடிப்பாவி! அப்படியா சொன்னா? அவ புருஷன் வாயில என்ன, கொழுக்கட்டையா?"

போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று யாரோ கேட்டதற்கு, என்னைக் காட்டி, "போனு இவள மாதிரி அடிச்சிக்கிட்டு அழுவுமா?" என்றார்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் எபிசோடில் பெரிய மருமகள் போன கார் ஆற்றில் விழுந்துவிட்டது. பாடி கிடைக்கவில்லை. அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள், அக்காவுக்கு விரதமும் ஆரம்பித்துவிட்டது.

"வேணும்னே பண்றானுங்கடி. இருக்காளா செத்தாளான்னு தெரியாம ஈஸ்டர் வரைக்கும் நான் எப்படித் தள்ளுவேன்?"

போன வாரம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு கையில் ட்ரிப்ஸ், மடியில் பாதி முயல். வார்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. செத்துட்டாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என் வாயைப் பொத்திவிட்டார். "வேணா வேணா. ஈஸ்டர் வரட்டும். என் வேண்டுதல கெடுத்துடாத."

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கும் வந்துவிட்டார். இன்று காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். அவ்வளவுதான்.

மதியம் பெர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கடை போர்டுகளை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். எதையாவது படிக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா வீட்டு ஹாலில் சவப்பெட்டி. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிவி மேல் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் உள்ளேயிருந்து அந்தக் கட்டைப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கம்பெனி புள்ளைங்களுக்கு வெச்சிருந்தா. எடுத்துட்டு போயிடும்மா, என்னால பாக்க முடியல."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நேத்து நான்தான் கேட்டேன், உடம்பு முடியாதவளுக்கு என்ன விரதம், டிவி போடட்டுமான்னு. கூடவே கூடாதுன்னுட்டா. நீ சொல்லித்தான் கேக்கணுமாம்."

சரிண்ணா என்றேன்.

ஈஸ்டர் இன்னும் வரவில்லை. தெரியும். வேண்டுதல் முடியவில்லை, அதுவும் தெரியும்... மண்டைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. பெட்டி பக்கம் போனேன். நெற்றியில் முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்து காதில் சொன்னேன்.

"அவ சாகல அக்கா. மீன் புடிக்கறவங்க தூக்கிட்டாங்க. யாரையும் அடையாளம் தெரியல, வூடு எங்கன்னு தெரியல... ஆனா நல்லா இருக்கா."

பின்னால் நின்ற ஒரு வயசான அம்மா என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் நவுரும்மா, எல்லாரும் பாக்கணும்" என்றார்.

நகர்ந்துவிட்டேன்.

மிச்சத்த நான் பாத்து வெக்கறேன் அக்கா. போயிட்டு வாங்க.