பத்தொன்பது என்று அடித்தவள்

மைக்ரான் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் எழுபதில் ஒரு பங்கு, தவறினாலும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கடைவார் என்பதால், லேத் பட்டறைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். அப்படிப்பட்ட மனிதர்தான் இரண்டு வருடங்களாக ஒரு பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அது வெளியே தெரியாமலிருக்க அதன்மேல் இரும்பை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டின் பின்பக்கம் தகரக்கூரை போட்ட அறை. அதில் அவர் தன் கையாலேயே செய்த கம்ப்யூட்டர் லேத் இருந்தது. சதுரக் குழாய்களைப் பற்றவைத்து உடம்பு, மரை போட்ட சாதாரணக் கம்பியில் திருகு, பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார். எண்களை அடித்துவிட்டால் உளி தானாக நகர்ந்து தண்டைக் கடையும். அவர் படம் வரைவார். கணக்குப் போட்டு எண்களை அடிப்பது மனைவி.

அந்த மெஷினுக்கு ஒரு பிடிவாதம். அவர் அமைத்திருந்த விதத்தில், தண்டு எவ்வளவு பருமன் வேண்டும் என்று விட்டத்தைச் சொன்னால் அதற்குப் புரியாது. அதில் பாதியை, ஆரத்தை, சொல்ல வேண்டும்.

"கழுத்துல போட ஒரு ஆரம் கேட்டேன், இன்னும் வரல. இந்தத் தகரத்துக்கு தினமும் நான் ஆரம் போட்டு விடறேன் பாருங்க," என்பாள் அவள். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே சிரிப்பார். குழந்தை இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புதான் பிள்ளைச் சத்தம்.

அன்று நாற்பது மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டை முப்பத்தெட்டாகக் கடைய வேண்டும். முப்பத்தெட்டில் பாதி பத்தொன்பது. அவள் அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். நிற்க வேண்டிய இடத்தில் உளி நிற்கவில்லை. தண்டின் வயிற்றுக்குள் பாய்ந்தது. சுழன்றுகொண்டிருந்த தண்டு உளியின் மேல் ஏறி, வளைந்து, பிடியைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

அவளுடைய இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட முகத்தோடு அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் என்னங்க தப்பா அடிச்சேன்?"

"நீ ஒண்ணும் தப்பா அடிக்கலம்மா. மெஷின் உடம்புல வலு இல்ல. ஆடிடுச்சு," என்றார். அப்போது அதைத்தான் அவரும் நம்பினார்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், மெஷினைப் பிரிக்கப் போனவர் அதன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். ஆரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் விட்டம் என்று இருந்தது. விபத்து நடந்த அன்று காலையில், அவளுக்குப் பாதி போடுகிற வேலை மிச்சமாகட்டும் என்று, மெஷினை விட்டக் கணக்குக்கு மாற்றியவர் அவரேதான்! அவள் அடித்த பத்தொன்பதை முழு விட்டமாக எடுத்துக்கொண்டு, பாதிப் பருமனுக்குக் கடையப் பாய்ந்திருக்கிறது உளி. அவள் வந்ததும் சொல்லிச் சந்தோஷப்படுத்த நினைத்தார். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போனார், பேசினார், மறந்தார்.

போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த அறையில்தான் இருந்தாள். இன்று வேண்டாம், வலி குறையட்டும் என்று தள்ளினார். தள்ளியது வாரமாயிற்று, மாதமாயிற்று. பிறகு சொல்ல வாயே இல்லாமல் போயிற்று.

வாய் செய்யாததைக் கை செய்யப் பார்த்தது. பழைய உடம்பை அறுத்து எறிந்தார். யாரோ கழித்துப் போட்ட, கையால் ஓட்டுகிற பழைய லேத்தின் வார்ப்பிரும்புப் படுக்கையைக் கொண்டு வந்து, கான்கிரீட் மேடைமேல் உட்கார வைத்தார். கம்பித் திருகுக்குப் பதிலாக, உள்ளே எஃகுக் குண்டுகள் உருளும், தளர்ச்சியே இல்லாத குண்டுத் திருகு. உடையாத கண்ணாடித் தடுப்பு. அதைத் திறந்தால் மோட்டார் தானாக நிற்கும். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பொத்தான்.

வெல்டிங் வேலைக்கு வந்த மைத்துனன், அவளுடைய தம்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "மாமா, இது லேத்தா, பீரங்கியா? தூக்கித் தூக்கி என் முதுகெலும்பே வளைஞ்சு போச்சு."

"ஆடக் கூடாது மாப்ளே."

"பூகம்பம் வந்தா நம்ம வீடு ஆடும், இது ஆடாது. போதுமா?"

அவர் அடுத்த போல்ட்டை முறுக்கினார். விபத்தன்று பழைய மெஷினும் ஆடவில்லை என்பது அவருக்குத் தெரியுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் தயாராயிற்று. தம்பி உற்சாகமாகக் குரல் கொடுத்தான். "அக்கா, வா! முதல் பட்டன் நீதான் அமுக்கணும்."

அவள் வாசற்படி வரை வந்தாள். படியைத் தாண்டவில்லை.

"என் கை வேணாம்டா. பட்டது போதும்."

"உன் கைக்கு என்னக்கா? இது மாமா உனக்காகக் கட்டினது."

அவள் முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். வளைந்துபோன இரும்புத் தண்டு. அலமாரியில் துணிகளுக்கு அடியில் இத்தனை நாள் வைத்திருந்தாளாம்.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா? மெஷின் ஆடினா என்ன, அரை மில்லி தப்புமா? இதுல ஆழம் அஞ்சு மில்லிக்கு மேல இருக்கு. நான் அளந்து பாத்துட்டேன். பத்தொன்பதுல ஒண்ணை விட்டுட்டு வெறும் ஒன்பதுன்னு அடிச்சிருந்தாத்தான் உளி இப்படிப் போகும். என் மனசு நோகக் கூடாதுன்னுதானே மெஷின் மேல பழி போட்டீங்க? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. நான் ஒன்பதுதானே அடிச்சேன்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவாள். அவர் அந்த வளைந்த தண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லம்மா. நீ பத்தொன்பதுதான் அடிச்ச. அன்னைக்குக் காலைல நான்தான் மெஷினை விட்டத்துக்கு மாத்தினேன். உன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

தம்பியின் கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது. "மாமா!" என்று பாய்ந்து வந்தவனை அவள் ஒற்றைக் கையை நீட்டித் தடுத்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாள்."

"மறுநாளே." அந்தச் சொல்லை அவள் மென்று விழுங்கினாள். கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மறந்தது தப்பில்லைங்க. எனக்கு நல்லது செய்யப் போய்த்தான் மறந்தீங்க. கண்ணு போனதையும் பழகிட்டேன், ஊசில நூல் கோக்கத்தான் கஷ்டம். ஆனா, ஒரு போன் நம்பர் அடிக்க முடியுதா என்னால? இவனைக் கூப்பிட்டுத்தானே அடிக்கச் சொல்றேன்? அடுப்பை அணைச்சுட்டு நாலு தடவை போய்ப் பாக்கிறேன். என் விரலை நானே நம்பாம ரெண்டு வருஷம் வாழ்ந்திருக்கேன். அதைப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து, படியைத் தாண்டி உள்ளே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இப்ப இது எதுல இருக்கு?"

"விட்டத்துல."

"நான் பாத்துக்கறேன்." அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளாமல் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தானே தேடிப் பார்த்தாள். புதுத் தண்டை எடுத்துப் பிடியில் மாட்டி முறுக்கினாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. மைத்துனன் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றான். முதலில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மோட்டார் சுழன்றது. உளி இரும்பில் பட்டது. ஒரே சீரான ஒலி; நடுக்கமில்லை, இடறலில்லை. அவர் கதவில் நெற்றியை வைத்து அழுதார்.

கதவு திறந்தது. பளபளக்கும் தண்டு அவள் கையில் இருந்தது. அவர் கை நீட்டினார். அவள் அதைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"சரியா முப்பத்தெட்டு. உங்க மாமாகிட்டச் சொல்லிடுடா," என்றாள். அடுத்த தண்டை எடுக்கத் திரும்பியவள், கதவை மறுபடி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.