கட்டைவிரல் கூட்டிய எடை

எங்கள் தெருவில் என் தங்கை புருஷனுக்குக் கட்டைவிரல் என்று பேர். மளிகைக் கடைக்காரர். பருப்பு நிறுக்கும்போது அவருடைய கட்டைவிரல் தராசுத் தட்டின் ஓரத்தில் ஓய்வெடுக்கும்; பார்க்கிறவர்களுக்குத் தட்டைப் பிடித்திருப்பது போலத்தான் தெரியும். "எலக்ட்ரானிக் தராசு வாங்குங்களேன்" என்று யாராவது சொன்னால், "கரண்ட் போனா உங்க வீட்டுல வந்தா நிறுப்பேன்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். மகா மேதாவி.

தங்கை உண்டானதும் இந்த மேதாவிக்கு வைத்தியமும் வந்துவிட்டது. எண்ணெய் வாங்க வந்த யாரோ ஒருத்தி, பிள்ளை பெரிதாக இருந்ததால் தனக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவுதான்! "பிள்ளை சின்னதா இருந்தா நோகாம வந்துடும். நல்லா சாப்பிடு சாப்பிடுன்னு சொல்றதெல்லாம் டாக்டருங்க ஆபரேஷனுக்கு ஆள் புடிக்கிற வித்தை" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். வீட்டில் அவளுக்குப் பால் நின்றது. முட்டை நின்றது. தட்டில் விழுவது பாதியானது. சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரைகள் அலமாரியின் உச்சித் தட்டில், அவளுக்குக் கை எட்டாத இடத்தில். அதைத் தின்றால் பிள்ளை பெருத்துவிடுமாம்.

கடை முழுக்க மூட்டை மூட்டையாகப் பயறும் பருப்பும். கட்டியவள் வயிறு காய்கிறது. இவளாவது வாய் திறக்கிறாளா? "அவர் என் நல்லதுக்குத்தான்கா சொல்றாரு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதப் பரிசோதனையில் நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "எடையே ஏறல. அடுத்த தடவையும் இப்படியே வந்தா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன்." கட்டைவிரல் வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார். பிள்ளையை நினைத்து அல்ல. அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டால் கடையில் பொட்டலம் கட்ட ஆள் ஏது?

இந்த மாதம் நானும் கூடப் போனேன். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் ஆலோசனை வேறு. தங்கை எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாதம் ஏறுகிறது, வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். எடை மெஷினில் ஏறினாள். நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினார்.

"என்னம்மா இது? ஒரே மாசத்துல இவ்வளவு ஏறியிருக்கு?"

"எல்லாம் நம்ம கவனிப்புதாங்க. பால், முட்டை, பழம்னு திகட்டத் திகட்டக் குடுக்கிறேன்" என்றார் கட்டைவிரல், கூசாமல்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. தங்கையின் காலை அழுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். "தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா? திடீர்னு இப்படி எடை ஏறினா உடம்புல நீர் கோத்திருக்கலாம். அது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிடுறேன்."

கட்டைவிரலின் முகத்தில் ஈ ஆடவில்லை. "வேணாங்க! அவளுக்கு ஒண்ணுமில்லீங்க!" என்று குறுக்கே வந்து நின்றார். தங்கை அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்குறே? வயித்துல இருக்கறது உன் பிள்ளை. நல்லா அசையுதா, சொல்லு."

"ரெண்டு நாளா முன்ன மாதிரி இல்லீங்க" என்றாள் தங்கை. என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

பிறகு அவள் திரும்பி நின்று, உடுப்புக்குள் கையைவிட்டு எதையோ அவிழ்த்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த துணிப்பட்டை. மேஜைமேல் வைத்ததும் உள்ளேயிருந்து கடையின் இரும்பு எடைக்கற்கள் உருண்டு விழுந்தன.

அடப்பாவி! ஊருக்கெல்லாம் குறைத்தே போட்டுப் பழகிய மனுஷன், பொண்டாட்டி இடுப்பில் மட்டும் தாராளமாகக் கட்டியிருக்கிறார். அதையாவது அளவாகச் செய்யத் தெரிந்ததா? அரைகுறைத் திருட்டு. கையும் களவுமாகப் பிடிபட்டுத் திருதிருவென்று விழித்தார்.

மறுபடி எடை பார்த்தார்கள். போன மாதத்தைவிடக் குறைவு. நர்ஸம்மா அவளைப் படுக்கவைத்து, இன்ச் டேப்பால் வயிற்றை அளந்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். இதயத் துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் படபடவென்று சத்தம் கேட்டது. தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா பிள்ளை வளரல. சாப்பாடு பத்தல. இப்பவே போய் ஸ்கேன் எடுக்கணும். இன்னும் நாள் இருக்கு. நல்லா சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சொல்ற தேதிக்கு வந்து காமிச்சா தேத்தப் பாக்கலாம்."

கட்டைவிரல் தொண்டையைச் செருமினார். பெண்டாட்டியிடம் ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான், முட்டாள், நினைத்தேன்.

"அந்தக் கல்லை எல்லாம் குடுத்தீங்கன்னா, நான் போய்க் கடையைத் திறந்துடுவேன்" என்றார்.

தூ! இதுவும் ஒரு ஜென்மம்!

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கற்களை அவர் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போங்க. நான் அக்கா வீட்டுல இருந்துக்கறேன்." அவரும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

வண்டி பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்போது என் கையைப் பிடித்தாள். "அக்கா, பசிக்குது."

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதுமே ரொட்டியும் பாலும் அவித்த முட்டையும் வாங்கிக் கொடுத்தேன். அவக் அவக்கென்று தின்றவள், பாதி ரொட்டியில் நிறுத்தி, மீதியைக் காகிதத்தில் மடிக்கப் பார்த்தாள்.

"யாருக்குடி மிச்சம் பிடிக்கிறே?" என்று அதட்டினேன். "முழுசையும் தின்னு."

தின்றாள்.