கோச்சை நிப்பாட்டப் போன ஞாயிற்றுக்கிழமை

1. முதல் நாள்

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னியின் மேற்குப் பக்கத்து இத்தாலியர் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் சம்பளத்துக்குச் செயலாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்காக இருந்த எனக்குப் பந்து உருண்டை என்பது மட்டும்தான் தெரியும்.

கழகத் தலைவர் நினோ சீமெந்து ஒப்பந்தக்காரர். கையை ஆட்டாமல் அவரால் ஒரு வசனம் பேச முடியாது. வீரர் பதிவு, மைதான அனுமதி, டிக்கெற் என்று என் வேலைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தினார். பேசியது ஆங்கிலம். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இன்னொரு வேலையும் இருக்கு. பயிற்சி குடுக்கிற கோச்சை வேலையால நிப்பாட்டினால் நீதான் போய்ச் சொல்ல வேணும். இங்க எல்லாரும் ஒரே ஊர்க்காரர். நான் சொன்னால் அவன்ர பெரியப்பா என்ர மகளின்ர கலியாணத்துக்கு வரமாட்டார். நீ எங்கட ஊராள் இல்லை. உன்னோட ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. கதவில் என் தலை

இரண்டு வருடத்தில் மூன்று கோச்மாரை நிப்பாட்டினேன். மூன்றாவது ஆளுக்கு நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. உடைமாற்றும் அறைக் கதவில் என் தலை தெரிந்ததும் வீரர்கள் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்கள், அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். எனக்கு வந்த வெட்கத்தையும் எரிச்சலையும் எழுதி முடியாது. முடிவெடுக்கிறவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, எமதூதன் வேலை எனக்கு!

நாலாவதாக வந்தவர் எனியோ. கண்ணாடித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி வந்தவர். மனைவிக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். என்னைக் கண்டால் எழுந்து நின்று கை கொடுக்கும் ஒரே கோச் அவர்தான்.

அந்த வருடக் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் வென்றால்தான் தப்பலாம், இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. கீழே போனால் எங்கள் செலவைத் தாங்கிய சலாமி இறைச்சித் தொழிற்சாலைக்காரர் கை கழுவிவிடுவார். புதிய கழகக் கட்டடத்துக்கு வங்கியில் கடன் இருந்தது, அதற்கு ஈடு நினோவின் சொந்த வீடு. மனுசன் நித்திரை இல்லாமல் திரிந்தார்.

இடைவேளையில் நாங்கள் இரண்டு கோல் பின்னால். வேலிக்கரையில் நினோ என் முழங்கையைப் பிடித்தார்.

"இப்பவே போய்ச் சொல்லு. மிச்சத்தை உதவிக் கோச் பாக்கட்டும்."

ஆட்டம் முடியட்டும் என்று கெஞ்சினேன்.

"நீ சொல்லாட்டி நாளைக்கு உனக்கும் இங்க வேலை இல்லை."

3. தட்டு

உடைமாற்றும் அறைக்கு நடந்தேன். அறை வாசலில் கன்ரீன் பெண் கார்மேலா, ஆரஞ்சு என்று இங்கே சொல்லும் தோடம்பழத்தை வெட்டி வைத்த தட்டோடு வந்துகொண்டிருந்தாள். இடைவேளைக்குத் தோடம்பழம் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரரைப் பார்க்கத் தோடம்பழத்தோடு போவது எங்கள் வழக்கம். என்ன நினைத்தேனோ, அவளிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கப்டனின் கை அப்படியே நின்றது. கரும்பலகைக்குப் பக்கத்தில் சோக்கட்டியோடு நின்ற எனியோ என்னைப் பார்த்தார்.

"சொல்லத்தானே வந்தனீங்கள்?"

தட்டை அவரிடம் நீட்டினேன்.

"இல்லை. தோடம்பழம் கொண்டு வந்தனான்."

முதலில் சிரித்தது கப்டன். பிறகு அறையே சிரித்தது. எனியோ ஒரு துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டே கரும்பலகையை முழுவதும் அழித்தார். பின்னால் நின்று காப்பாற்ற இனி ஒன்றுமில்லை, எல்லோரும் முன்னுக்குப் போங்கள் என்றார்.

போனார்களே! நாய் துரத்தியது போல ஓடினார்கள். ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் வேலியில் ஏறி நின்று "அடியடா! அடியடா!" என்று தமிழில் கத்துகிறேன், பக்கத்தில் ஒரு கிழவர் இத்தாலிய மொழியில் கத்துகிறார், இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. கடைசி நிமிடத்தில் கப்டன் தலையால் இடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

நினோ பார்க்கப் பயந்து கொட்டகைக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர். ஓடி வந்து, "பாத்தியோ, உதவிக் கோச் எப்பிடி மாத்திப்போட்டான்!" என்றார். அப்போதுதான் வீரர்கள் எனியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினோவின் கை முதல் தடவையாக ஆடாமல் நின்றது.

4. ஆர் போய்ச் சொல்லுறது?

மறுநாள் எனியோ கந்தோருக்கு வந்தார். சொல்லுக் கேட்காத என்னை நிப்பாட்டும்படி தலைவர் அனுப்பினாராம்.

"நீங்களே போய்ச் சொல்லுங்கோ எண்டு அவரிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார் எனியோ.

பின்னேரம் நினோவே வந்தார். வாசலில் நின்றார். மழை வரும் போலிருக்கிறது என்றார். என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, அடுத்த வருட டிக்கெற்றை முன்கூட்டியே அச்சடிக்கக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐரோப்பாவில் பெரிய கழகங்கள் கோச்மாரை மாற்றும் செய்திகளை வாசிக்கும் இளைஞர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இன்னொருவரின் வேலையைப் பறிக்கும் சொல்லை, முடிவெடுத்தவருக்காக நீங்கள் சுமக்காதீர்கள். அதற்குப் பிறகு நிர்வாகக் கூட்டத்தில் கோச்சை நிப்பாட்ட வேண்டும் என்று யார் எழுந்தாலும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "ஆர் போய்ச் சொல்லுறது?" ஆளையாள் பார்ப்பார்கள். அடுத்த விஷயத்துக்குப் போவோம். எனியோ பல வருடம் அங்கே கோச்சாக இருந்து, தானாகத்தான் விலகினார்.