டெல்ஷேயிடம் யாரும் பேசாத மொழி

டெல்ஷே ஜெர்மனியின் கரைநாட்டிலிருந்து வடகடலில் இருக்கும் ஃபோர் தீவுக்கு மாட்டுத்தொழுவ வேலைக்கு வந்தவள். வேலைக்கு வந்த வீட்டு மாலுமி நாமென் அவளைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டானே தவிர, தீவின் ஃப்ரீசிய மொழியில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் நாள் தொழுவத்தில், "பால் கறக்கத் தெரியுமா புள்ள?" என்று அவளுடைய கரைநாட்டுப் பேச்சான கீழ்ஜெர்மனில் கேட்டுத் தொலைத்தான், அதோடு முடிந்தது. இந்தத் தீவில் ஒருவரிடம் முதலில் எந்த மொழியில் வாய் திறந்தார்களோ, சாகும்வரை அதே மொழிதான். நடுவில் மாற்றுவதென்றால் தெருவில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி கூசிப்போவார்கள்.

ஆக, ஒரே மேசை, ஒரே ஆட்டுக்கறி சூப், இரண்டு பேச்சு. நாமெனும் அவனுடைய விதவை அக்கா கிரெஸனும் ஃப்ரீசியத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். டெல்ஷே பக்கம் முகம் திரும்பியதும் நாக்கும் திரும்பிவிடும். அவள் பெற்ற பையன்கள்கூட அப்பனிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. அமெரிக்காவுக்குக் கப்பலேறின அன்று துறையில் எல்லாரிடமும் ஃப்ரீசியத்தில் விடைபெற்றவர்கள், அவளிடம் வந்ததும் மொழியை மாற்றினார்கள். அவளுக்கோ எல்லாம் புரியும். பேசவும் வரும், மாடுகளிடம் பேசிப் பேசியே பழகியிருந்தாள். ஒரே ஒருவராவது தன்னிடம் அந்த மொழியில் பேசிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வாழவந்தவள் தலை நரைத்தும் விருந்தாளிதான் என்றால், அது மரியாதையா தண்டனையா? நீங்களே சொல்லுங்கள்.

ஒருமுறை தீவுச் சொற்களைச் சேகரிக்க ஒரு வாத்தியார் வந்தார்.

"பாலாடைக்கட்டிய நீங்க ஸேஸ்ங்கிறீங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீஸ்ங்கிறான். கரையில கேஸ். எல்லாம் ஒரு தாய் பிள்ளைங்கதாம்மா. ஆளுக்கொரு பக்கம் குடிபோனதுல சத்தம் மாறிப்போச்சு" என்றார்.

"ஒரு தாய் பிள்ளைங்கன்னா என்ன? பாகம் பிரிச்சாச்சுல்ல?" என்றாள் கிரெஸன்.

வாத்தியார் டெல்ஷேயிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். கிரெஸன் விடவில்லை. "அவகிட்ட என்னத்தக் கேக்குறீங்க? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!"

நாமென் சிரித்தான். டெல்ஷே தேநீர் ஊற்றினாள். ஆத்திரத்தில் கெண்டியை ணங்கென்று மேசைமேல் வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் கடல் பொங்கிப் புல்வெளிக்குள் ஏறியது. ஆடுகளை மேட்டுக்கு ஓட்டப்போன நாமென் நெஞ்சு வரை நனைந்து வந்து படுத்தான். சளி கட்டி, காய்ச்சலில் புலம்ப ஆரம்பித்தான். கிரெஸன் தொழுவத்துக்குப் போயிருந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்ட டெல்ஷேயின் மணிக்கட்டை அவன் பிடித்தான்.

"அக்கா" என்றான், ஃப்ரீசியத்தில். "கதவச் சாத்துக்கா. அவ காதுல விழப்போகுது."

டெல்ஷே இன்னும் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை காலம் தவம் கிடந்த மொழி இப்போது வருகிறது, அதுவும் வேறொருத்திக்காக! கீழ்ஜெர்மனில் ஒரு வார்த்தை சொன்னால் ஆளைக் கண்டுகொண்டு அவன் நாக்கைக் கடித்துக்கொள்வான்.

"அவ இங்க இல்லடா" என்றாள், ஃப்ரீசியத்திலேயே. "சொல்லு."

"அவளுக்கு நம்ம பேச்செல்லாம் புரியும்க்கா. மாட்டுக்கிட்ட அவ பேசுறதக் கல்யாணமான புதுசுலயே கேட்டுட்டேன். நாளைக்கு மாத்திப் பேசுவோம், நாளைக்கு மாத்திப் பேசுவோம்னு... வெக்கமா இருந்துச்சுக்கா. பாவி நான். எனக்கப்புறம் நீயாவது அவகிட்ட நம்ம பேச்சு பேசு."

"பேசுறேன்டா" என்றாள் டெல்ஷே. கண்ணீர் பொலபொலவென்று அவன் கைமேல் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

கிரெஸன் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பியின் கண்களை மூடிவிட்டு, கட்டிலோரமே சரிந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு டெல்ஷே பக்கம் திரும்பி, கீழ்ஜெர்மனில் கேட்டாள்.

"கடைசியா எதாவது சொன்னானா டெல்ஷே?"

ஃப்ரீசிய வார்த்தைகள் டெல்ஷேயின் தொண்டைவரை வந்து நின்றன. அவன் கேட்டுக்கொண்டதைச் சொன்னால் கிரெஸன் பேசுவாள்தான், ஆனால் அப்படிக் கேட்டு வாங்கிய பேச்சு எனக்கெதற்கு என்று ஒரு கசப்பு எழுந்து அவற்றை விழுங்கியது.

"தண்ணி கேட்டாரு" என்றாள் கீழ்ஜெர்மனில்.