கொப்பரையும் கயிறும்

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் தென்னை, கமுகுச் சரக்கு ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒருநாள் பக்கத்து மேசை அக்காவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது வெள்ளைக்கார மேனேஜர் அதட்டினார்: "ஆபீஸில் கூலிக்காரன் பாஷை வேண்டாம்."

அவர் சொல்லி நான் அடித்த ஆங்கிலக் கடிதத்தை நீட்டினேன்.

"சார், இதிலுள்ள காப்ரா எங்கள் கொப்பரை. காயர் எங்கள் கயிறு. அரிக்கா எங்கள் அடைக்காய், அதாவது பாக்கு. தமிழும் மலையாளமும் தந்த சொற்கள். கூலிகூட எங்கள் சொல்தான். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அடிக்கட்டுமா?"

அவர் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினார். முகம் சிவந்தது.

"போய் வேலையைப் பார்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவிடம் போய், பாதியில் விட்ட பேச்சை முன்னைவிடச் சத்தமாகத் தமிழிலேயே தொடர்ந்தேன்.