வேண்டாம் என்றேன், விட்டுவிட்டாள்

மலேசியாவின் ஈப்போவுக்கு வந்த புதிதில் கடையில் நின்று வெறுமனே "டீ" என்பேன். கடைக்காரர் மேற்கொண்டு நான் சொல்வதற்காக அப்படியே நிற்பார். பால் விட்டதா, விடாததா, சீனி போட்டதா, போடாததா, சூடா, ஐஸா? எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் எனக்கு அந்த வேலையே இருந்ததில்லை. அங்கே வீட்டுக்கு வந்தவர் "காப்பி வேண்டாம்" என்று சொல்லும்போதே அம்மா அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். மறுப்பது வந்தவரின் மரியாதை, விடாமல் கேட்பது வீட்டாரின் பாசம். இந்த நாட்டிலேயே, சுங்காய் தோட்டத்தில் பிறந்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், "உங்க ஊர்ல ஒரு காப்பி குடிக்கப் பஞ்சாயத்து வைக்கணும் போல லா" என்பார், இந்த ஊர்ப் பேச்சின் "லா"வைச் சேர்த்து.

எங்கள் மகள் செல்வி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். எதையும் தன் வேகத்தில்தான் கற்றுக்கொள்வாள். இங்கே ஒரு கல்லூரியில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே வகுப்பு இருக்கிறது என்றதும், ஊரிலிருந்து வீடியோ காலில் அக்கா, "காலேஜா? நம்ம செல்வியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபித்து என்ன செய்ய? என் மனதிலும் அதே கேள்விதான். சேர்க்கப் போன அன்று எல்லாக் கேள்வியையும் அவளிடம் கேட்டார்கள், எல்லாப் பதிலையும் நான் சொன்னேன். அந்த வகுப்பை நடத்தும் மாலதி டீச்சர் சிரித்துக்கொண்டே மறுபடியும் அவளிடமே கேட்டார்.

போன மாதம் கல்லூரிக் கேன்டீனில் பரீட்சை. அவரவர் பெற்றோரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தேறினால் ஒரு கேக் கடையில் வேலைப் பயிற்சி, இல்லாவிட்டால் வீட்டில்தான் உட்கார வேண்டும். ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றாள் செல்வி.

"அம்மா, என்ன குடிக்கிறீங்க?"

பெற்ற பிள்ளை நிற்க, நான் உட்கார்ந்து கேட்டு வாங்குவதா? "ஒண்ணும் வேணாம்மா. நீ முதல்ல உக்காரு."

"சரிங்க" என்று அப்பா பக்கம் திரும்பிவிட்டாள். அவருக்குத் தே ஓ வந்தது, அதுதான் பால் விடாத டீ. எனக்கு முன்னால் மேசை காலி. பிள்ளையின் வேலையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று டீச்சரிடம் ஓடினேன். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது, இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

டீச்சருக்கு நான் சொல்வதே விளங்கவில்லை. "எதுக்குக்கா? அவ கேட்டா, நீங்க வேணாம்னீங்க, விட்டுட்டா. கடையில அதான் சரி லா. அவ பாஸ்."

சந்தோஷம்தான். ஆனாலும் பெற்றவளை ஒரு வார்த்தை வற்புறுத்தாத பிள்ளையை எந்த ஊர் வழக்கப்படி பாராட்டுவது? நான் சொன்னதை யாரும் இப்படி அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. அது பாசக் குறைவா, இதுவரை எனக்குக் கிடைக்காத மரியாதையா? வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "தே ஓ நல்லா இருந்துச்சு" என்றார்.

இப்போது கேக் கடையிலிருந்து பஸ்ஸில் தானே திரும்பி வருகிறாள். வந்ததும் என்னிடம், "அம்மா, டீ வேணுமா?" என்கிறாள். வாய் இன்னும் மன்னார்குடியில் இருக்கிறது, தொண்டை ஈப்போவில் காய்கிறது. செல்விக்கு அவசரமில்லை. கெட்டிலில் கையை வைத்தபடி, நான் சொல்லட்டும் என்று நிற்கிறாள்.