பூசைப்பெட்டி சுமந்த கஸ்பர்

“சாகக் கெடக்கிறவன் பக்கத்துலருந்து இந்தக் கஸ்பர எழுப்ப எமனாலயும் ஆகாது. ஜப்பான்காரனாலயே ஆகல.”

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாதா கோயில் என்ற பெயருடைய தகரக் கொட்டகையின் வாசலில், 1952ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று உபதேசியார் கஸ்பர் இவ்வாறு திருவாய் மலர்ந்தார். பகல் முழுவதும் ஒருசந்தி இருந்த சனத்துக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

யுத்தத்தில் அவர் யாரையும் சுட்டதில்லை. அவரையும் யாரும் சுட்டதில்லை. பர்மாவில், பட்டாளத்துக்குச் சாமியாராகப் போன லெயோன் என்ற பிரெஞ்சுக்காரரின் பூசைப்பெட்டியைச் சுமந்தவர் அவர். அந்தச் சாமியாரைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்லும் தேவை கஸ்பருக்கு இருக்கவில்லை. வெட்டவெளியில் ஒரு சிப்பாய் குண்டடிபட்டு அலறிக்கொண்டு கிடந்தான். போக வேண்டாம் என்று அதிகாரி தடுத்தார். அவன் கூப்பிடுவது உங்களையல்ல, என்னை என்று சொல்லிவிட்டுச் சாமியார் தைலச் சிமிழோடு தவழ்ந்து போனார். சாகிறவர்களுக்குரிய அவஸ்தைத் தைலம் பூசி, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை அவன் உதட்டில் வைத்துப் பிடித்திருந்தபோது அடுத்த குண்டு விழுந்தது. இருவரையும் ஒரே குழியில் அடக்கினார்கள். சுரூபம் கஸ்பரிடம் வந்து சேர்ந்தது.

சாமியார் தவழ்ந்த நேரத்தில் கஸ்பர் எங்கே இருந்தார் என்பதுதான் சரித்திர ஆராய்ச்சிக்குரியது. ஊர் திரும்பிய வருஷம் சொன்ன கதையில் அவர் பதுங்குகுழிக்குள் இருந்தார். அடுத்த தவக்காலத்தில் குழியைவிட்டு வெளியே வந்திருந்தார். இப்போதோ, சாமியாரின் அங்கியைப் பிடித்தபடி பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தார். கிறிஸ்தவ வேதக்காரர் அல்லாவிட்டாலும் இந்தக் கதையை ஒரு வருஷமும் தவறவிடாத அழகுமுத்து, “இன்னும் ரெண்டு பெரிய வெள்ளி போனா சாமியாரு இவரு பின்னால வருவாருங்க” என்றார்.

நம்பியவன் ஒருவன் இருந்தான்: தேயிலை ஸ்டோரில் அடுப்பெரிக்கும் பத்திநாதன். பங்குச்சாமியார் மலையேறி வருவது அபூர்வம். அதனால் சாகிறவன் உதட்டில் சுரூபத்தை வைத்து நன்மரணச் செபம் சொல்வது உபதேசியாரின் பொறுப்பு. அது இல்லாமல் போகிற ஆத்துமம் வழி தெரியாமல் நிற்கும் என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்தின் நம்பிக்கை. பத்திநாதனுக்குச் சாவைவிட அந்த நிற்றல்தான் பயம். தன் நேரத்துக்கும் கஸ்பர் அண்ணன் வந்துவிட வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தான். அவரும் பெருந்தன்மையோடு சம்மதித்திருந்தார்.

சில வருஷம் கழித்து, அடைமழைக் காலத்தில் பத்திநாதனுக்குப் பெரியம்மை கண்டது. தோட்டத்து நிர்வாகம் அவனை ஓடைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் போட்டு, சுற்றிக் கயிறு கட்டியது. மனைவி மரியநாயகி கயிற்றைத் தாண்டி உள்ளே போனவள், திரும்பி வரவில்லை. மண் சரிந்து பாதை அடைபட்டதால் பங்குச்சாமியாருக்கும் வழியில்லை. ஆள் தேறமாட்டான் என்று அவள் ஓடைக்கு இந்தப்புறம் கேட்கும்படி கத்தியதை அழகுமுத்து வந்து சொன்னார்.

கஸ்பர் தலை வாரினார். வெள்ளைச் சட்டை போட்டார். சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, லயத்து வாசல்களில் நின்றவர்கள் கும்பிட, பவனிபோல் நடந்தார். ஓடையைத் தாண்டிக் கயிற்றருகே வந்ததும் அம்மைப் புண்ணின் வாடை முகத்தில் அடித்தது.

“அண்ணே வந்துட்டாங்களா?” உள்ளேயிருந்து கேட்டது பத்திநாதன் குரல் என்று நம்புவது கஷ்டம்.

“வந்துட்டாங்க” என்றபடி மரியநாயகி வெளியே வந்தாள். “உள்ள வாங்க, உபதேசியாரய்யா. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காரு.”

கஸ்பர் நின்ற இடத்திலேயே செபத்தைத் தொடங்கினார். மழையையும் மீறிய கம்பீரமான குரல். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“செபம் கேக்குதுங்க. சுரூபத்த யாரு புடிக்கிறது?”

அவர் செபத்தை நிறுத்தவில்லை. குனிந்து, கயிற்றுக்கு அந்தப்புறம் இருந்த கல்லில் சுரூபத்தை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். மரியநாயகி அதை எடுத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

செபம் பாதியில் இருக்கும்போதே கொட்டகையில் அழுகை எழுந்தது. மீதியை ஒரு சொல் விடாமல், லயத்தை நோக்கி நடந்துகொண்டே கஸ்பர் சொல்லி முடித்தார்.